முயலின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால்

காலையில் கூண்டைத் திறக்கிறீர்கள். முயல் ஒரு கண்ணால் கூரையையும் மறு கண்ணால் தரையையும் பார்த்தபடி, தலையை முழுக்கச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறது. நேற்று இரவு நன்றாகத்தான் இருந்தது. உங்களைப் பார்த்ததும் எழுந்து வரப் பார்க்கிறது, முடியவில்லை. ஒரே பக்கமாக உருண்டு உருண்டு போய் கம்பியில் மோதுகிறது.

எங்கள் வீட்டுப் பஞ்சுவுக்கு நான்கு வயதில் இப்படி ஆனது. பார்த்த ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். கழுத்து சுளுக்கிக்கொண்டது, எண்ணெய் தடவி நீவிவிட்டால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். உருள்வதைப் பார்த்த இன்னொருவர் வலிப்பு என்றார். இனி பிழைக்காது, ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் நல்லது என்றும் ஒரு யோசனை வந்தது. மூன்றுமே தவறு. முயல் வளர்க்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தலை சாய்வதால் முயல் சாவதில்லை. சாய்ந்த பிறகு வரும் நாட்களில் சாப்பிடாமல் போவதாலும், கவனிப்பு இல்லாததாலும், அவசரப்பட்டு எடுக்கிற முடிவாலும்தான் பெரும்பாலும் சாகிறது.

ஏன் சாய்கிறது?

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். சுற்றி நின்ற பிறகும் வீடு சுற்றும், கால் ஒரு பக்கமாக இழுக்கும், கண் தானாகவே அலைபாயும். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பும், அது அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்கிற மூளைத்தண்டும் கொஞ்ச நேரம் ஒத்துப்போகாததுதான் காரணம். தலை சாய்ந்த முயலுக்கு அந்த நிலை நிற்கவே நிற்காது. அதன் கணக்கில் உலகம்தான் கோணலாகிவிட்டது, அதைச் சரிசெய்யத்தான் தலையைச் சாய்க்கிறது. கீழே விழுவது போலத் தோன்றுவதால் பிடிமானம் தேடி உதறுகிறது, உதறும்போது உருள்கிறது. அது வலிப்பு இல்லை, முயலுக்கு நினைவு தப்புவதில்லை. பயந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். கழுத்துத் தசைக்கும் எதுவும் ஆகவில்லை. எனவே தலையைப் பிடித்து நேராகத் திருப்பவோ, நீவிவிடவோ வேண்டாம்.

இந்தச் சமநிலை ஏற்பாடு இரண்டு இடங்களில் கெடலாம். ஒன்று காது. நடுக்காதிலும் உட்காதிலும் பாக்டீரியா தொற்று வந்து சீழ் கட்டினால் தலை சாயும். காது தொங்குகிற வகை முயல்களுக்கு இது அதிகம். மற்றொன்று மூளை. வளர்ப்பு முயல்களின் மூளையைத் தாக்குகிற ஒட்டுண்ணிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது என்செபலிடோசூன் குனிக்குலி. முயல் மருத்துவர்கள் சுருக்கமாக இ. குனிக்குலி என்பார்கள். அடிபடுதல், கட்டி போன்ற வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்த இரண்டு அளவுக்கு வருவதில்லை.

யார் இந்த ஒட்டுண்ணி?

1922-ல் அமெரிக்காவில் ரைட், கிரெய்க்ஹெட் என்ற இருவர், கால் விளங்காமல் போன இளம் முயல்களின் மூளையிலும் சிறுநீரகத்திலும் இதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே இதற்குப் பெயர் வைத்தாயிற்று. நெடுங்காலம் அமீபா போன்ற ஒற்றைச்செல் உயிர்களோடு சேர்த்துவைத்திருந்தார்கள். இப்போது பூஞ்சைகளின் நெருங்கிய உறவு என்று சொல்கிறார்கள். வேறொரு உயிரின் செல்லுக்குள்தான் இது பெருகும். சொந்தமாக வைத்திருக்கும் மரபணுக்களே சுமார் 2000-தான், மற்றதற்கெல்லாம் தங்கியிருக்கும் செல்லையே நம்பி வாழ்கிறது. வெளியே இருக்கும்போது இது ஒரு வித்து. நீளம் ஒரு மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்குதான். அந்த வித்துக்குள் ஒரு நுண்குழாய் சுருட்டிவைக்கப்பட்டிருக்கிறது. முயலின் குடலுக்குள் போனதும் அந்தக் குழாய் வெளியே பாய்ந்து, பக்கத்துச் செல்லைக் குத்தி, தன் உள்ளடக்கத்தை ஊசி போடுவது போல அதற்குள் செலுத்திவிடும். ரத்தத்தின் வழியாகப் பிறகு சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் போய்ச் சேர்கிறது.

சிறுநீரகத்தில் பெருகிய வித்துகள் சிறுநீரில் வெளியேறும். தொற்றி ஒரு மாதம் ஆகும்போது இது தொடங்கி, மூன்று மாதம் வரை விட்டு விட்டு நடக்கும். அந்தச் சிறுநீர் பட்ட புல்லையோ தண்ணீரையோ இன்னொரு முயல் சாப்பிட்டால் அதற்கும் தொற்றும். தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வருவதும் உண்டு. அப்படிப் பிறக்கும்போதே வாங்கி வந்த குட்டிகளில் சிலவற்றுக்கு, கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு கண்ணுக்குள் வெள்ளையாகக் கட்டி போல ஒன்று தெரியும். விழிலென்சைத் தாக்கியதன் அடையாளம் அது.

தொற்று இருந்தாலே நோய் என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் ஆரோக்கியமான வளர்ப்பு முயல்களைச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிக்கு இந்த ஒட்டுண்ணிக்கான எதிர்ப்பொருள், அதாவது அதை எதிர்க்க உடம்பு தானே உண்டாக்கிக்கொள்கிற பொருள், ரத்தத்தில் இருந்தது. பெரும்பாலான முயல்கள் ஆயுள் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லாமல் இதைச் சுமந்துகொண்டே வாழ்ந்துவிடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளரும்போது உறங்கிக்கிடந்தது விழித்துக்கொள்ளும். வேறு நோய், முதுமை, பெரிய அதிர்ச்சி என்று எதுவும் அதற்கு வழிவிடலாம். மூளையில் வீக்கம் வரும், தலை சாயும். சில முயல்களுக்குத் தலை நேராகவே இருக்கும், பின்னங்கால் மட்டும் தள்ளாடும், அல்லது சிறுநீர் தானாகவே ஒழுகி அடிப்பகுதி எப்போதும் ஈரமாக இருக்கும். இன்னும் சிலவற்றில் சிறுநீரகம் மட்டும் மெல்ல மெல்லக் கெட்டு, மெலிந்துகொண்டே வந்து தண்ணீர் நிறையக் குடிக்கும். இவையும் இதே ஒட்டுண்ணியின் வேலையாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

அன்றைக்கே போங்கள். சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். நம் ஊரில் பெரும்பாலான கால்நடை மருத்துவர்கள் மாடு, ஆடு, நாய்களைப் பார்த்தே பழகியவர்கள். எனவே முன்கூட்டியே போனில் முயல் பார்ப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு மருத்துவமனைகளும் இருக்கின்றன. அலைச்சலில் முயல் உருளாமல் இருக்க, அதன் உடம்பை விடக் கொஞ்சமே பெரிய பெட்டியில், நாலு பக்கமும் சுருட்டிய துண்டுகளை நெருக்கமாக வைத்துக் கொண்டுபோங்கள்.

மருத்துவர் காதுக்குள் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார். தலை சாய்ந்த முயலின் விழிகள் ஒரு பக்கமாக வெடுக் வெடுக்கென்று ஆடும். அது மேலும் கீழுமாக ஆடினால் கோளாறு மூளையில் என்று சந்தேகிக்க இடமுண்டு. காதுத் தொற்றைப் பார்க்க எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் உதவும். ஒட்டுண்ணிக்கு ரத்தப் பரிசோதனை உண்டு, ஆனால் அதன் முடிவைப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல். எதிர்ப்பொருள் இருந்தால், முயல் எப்போதோ அந்த ஒட்டுண்ணியைச் சந்தித்திருக்கிறது என்றுதான் பொருள். இன்றைய தலைச் சாய்வுக்கு அதுதான் காரணம் என்று அதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தால்தான் தெளிவு கிடைக்கும், அப்போது வேறு காரணத்தைத் தேடலாம். பரிசோதனை செய்ய வசதி இல்லாத ஊர்களில் மருத்துவர் இரண்டுக்கும் சேர்த்தே மருந்து தொடங்கினால் குழம்ப வேண்டாம். அது நியாயமான வழிதான்.

ஒட்டுண்ணிக்கான முதன்மை மருந்து ஃபென்பெண்டசோல். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கொடுக்கிற அதே குடற்புழு மருந்துதான். முயலின் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம், நாளைக்கு ஒரு முறை, 28 நாள் விடாமல் கொடுப்பது வழக்கம். 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்த மருந்து கொடுத்த முயல்களின் மூளையிலிருந்து ஒட்டுண்ணியைப் பிரித்தெடுக்க முடியவில்லை. இந்த மருந்து பரவலானது அதற்குப் பிறகுதான்.

இதில் வீட்டில் நடக்கக்கூடிய ஒரு பெரிய தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மருந்து பல அடர்த்திகளில் வருகிறது. உங்கள் முயல் 2 கிலோ என்றால் அதற்கு நாளைக்கு 40 மில்லிகிராம் வேண்டும். பாட்டிலில் 2.5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 25 மில்லிகிராம் இருக்கும், ஆக 1.6 மில்லி கொடுக்க வேண்டும். 10 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், அப்போது வெறும் 0.4 மில்லி போதும். முன்பு கொடுத்த அளவு 1.6 என்று நினைவில் வைத்துக்கொண்டு புது பாட்டிலிலிருந்து அதையே கொடுத்தால் நாலு மடங்கு போய்விடும். அளவு கூடினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு ரத்த அணுக்கள் குறையும், சில முயல்களுக்கு அது உயிரையே எடுத்திருக்கிறது. எனவே எடையைத் தராசில் பாருங்கள், பாட்டிலைப் பாருங்கள், கணக்கை மருத்துவரிடம் ஒரு முறை சொல்லிச் சரிபாருங்கள். மருந்து நடக்கும்போது ரத்த அணுக்களைச் சோதிக்க வாய்ப்பிருந்தால் செய்யுங்கள்.

மூளை வீக்கத்துக்கும் வலிக்கும் மெலாக்சிகாம் போன்ற மருந்து, தலைச்சுற்றலுக்கு ஒன்று, உருளல் அடங்காவிட்டால் கொஞ்சம் மயக்கம் தருகிற மருந்து ஒன்று, காதுத் தொற்றையும் சந்தேகித்தால் ஆன்டிபயாடிக் என்று மற்றவை சேரும். மெலாக்சிகாம் கொடுக்கலாமா என்பது சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்தது என்பதால் அதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும். ஸ்டீராய்டு கொடுப்பதா வேண்டாமா என்பதில் மருத்துவர்களிடையே இரு கருத்து உண்டு. எதிர்ப்புச் சக்தியை அது குறைக்கும் என்பதால் பலர் தவிர்க்கிறார்கள்.

வீட்டில் இருக்கிற மருந்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாம் சாதாரணமாகச் சாப்பிடுகிற அமாக்சிசிலின் முயலின் வாய்க்குள் போனால் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும், முயல் பேதியாகி இறந்துபோகும். கிளிண்டாமைசினும் அப்படித்தான். நாய்க்குத் தெள்ளுப்பூச்சி போக முதுகில் விடுகிற ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு ஆகாது.

வீட்டில் பார்த்துக்கொள்வது

மருந்து ஒட்டுண்ணியை அடக்கும், தலையை நிமிர்த்தாது. மூளை தன் வீக்கம் வடிந்து, கோணலான உலகத்துக்குப் பழகிக்கொள்ள வாரங்கள், சில முயல்களுக்கு மாதங்கள் ஆகும். அதுவரை முயலை உயிரோடு வைத்திருப்பது உங்கள் கைகள்தான்.

முதலில் இடம். கம்பிக் கூண்டு வேண்டாம், உருளும்போது கால் சிக்கி எலும்பு உடையும். ஓர் அகலமான பிளாஸ்டிக் பேசினோ தாழ்வான அட்டைப்பெட்டியோ போதும். அடியில் வழுக்காத விரிப்பு, மேலே ஈரத்தை உறிஞ்சும் பழைய துண்டு. எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கம் சுருட்டிய துண்டை அணைவாக வையுங்கள். உடம்பின் ஒரு பக்கம் எதிலாவது சாய்ந்திருக்கும்போது முயலுக்கு நிலை தெரிகிறது, பயம் குறைகிறது. தூக்கும்போதும் அப்படித்தான். அடிப்பக்கத்தைத் தாங்கி, மார்போடு இறுக்கி, தயங்காமல் தூக்குங்கள். தளர்வாகப் பிடித்தால் காற்றில் விழுவதாக நினைத்து உதறும், கையிலிருந்து நழுவும். பஞ்சுவைத் தூக்கும் முன் கீழே போகிற கண்ணை என் உள்ளங்கையால் மூடிவிடுவேன். அதிலேயே பாதி உதறல் அடங்கும்.

நம் ஊர் வெயிலையும் மறக்க வேண்டாம். நன்றாக இருக்கிற முயல் நிழலைத் தேடி நகரும், இதனால் முடியாது. ஜன்னல் வெயில் மதியம் எங்கே விழுகிறது என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது சாப்பாடு. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் எதுவும் உள்ளே போகாவிட்டால் ஓட்டம் நின்று, வாயு கட்டி, வலி வந்து, அந்த வலியாலேயே இன்னும் சாப்பிடாமல் போகும். தலை சாய்ந்த முயல்களில் பலவற்றுக்குப் பசி இருக்கும், தட்டைச் சரியாக எட்டத்தான் தெரியாது. வாய்க்கு நேரே புல்லை நீட்டிப் பாருங்கள். அருகம்புல், கொத்தமல்லி, புதினா, முள்ளங்கிக் கீரை எதுவானாலும் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொடுத்தால் தண்ணீரும் சேர்ந்து போகும். உலர்புல்லைப் படுத்திருக்கும் இடத்திலேயே, முகத்துக்கு முன்னால் குவித்துவையுங்கள். தண்ணீர்க் குழாய் பாட்டிலைப் பிடித்துக் குடிக்க முடியாது. கவிழாத, கனமான, ஆழமில்லாத கிண்ணம் வையுங்கள்.

தானாகச் சாப்பிடாவிட்டால் ஊட்ட வேண்டும். முயல் தீவன உருண்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக மசித்து, சிரிஞ்சில் ஏறுகிற பதத்துக்குக் கரையுங்கள். நோயுற்ற முயலுக்கென்றே விற்கிற தூள் கிடைத்தால் இன்னும் நல்லது. எதுவும் சாப்பிடாத முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்குச் சுமார் 50 மில்லி வேண்டும். 2 கிலோ முயலுக்கு 20 மில்லி வீதம் ஐந்து வேளை என்று வைத்துக்கொள்ளலாம். ஊசி இல்லாத சிரிஞ்சை முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில், பக்கவாட்டில் நுழைத்து, ஒரு மில்லிக்கும் குறைவாக விட்டு, மென்று விழுங்கிய பிறகு அடுத்ததை விடுங்கள். மல்லாத்திப் பிடித்து ஊட்டவே கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் ஆகும். இரவு ஒரு முறை எழுந்திருக்கத்தான் வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்து எழுதிவையுங்கள். புழுக்கைகளின் அளவும் எண்ணிக்கையும் குறைந்தால், அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கீழே போகிற பக்கத்துக் கண் விரிப்பில் உரசிக்கொண்டே இருக்கும், இமை சரியாக மூடாது. கவனிக்காவிட்டால் கருவிழியில் புண் வந்துவிடும். மருத்துவர் தருகிற வழவழப்பான கண் களிம்பைத் தவறாமல் போடுங்கள். கண் சிவந்தாலோ கலங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் சுத்தம். முயல் இரவில் போடுகிற மென்மையான உருண்டைகளைத் தானே குனிந்து தின்னும், அதன் சத்து அதற்கு வேண்டும். இப்போது குனிய முடியாததால் அவை அடியில் ஒட்டிக் காயும், சிறுநீரும் சேரும், ஈ மொய்க்கும், ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். ஒட்டாமல் கிடைக்கிற மென்மையான உருண்டையை வாயருகே வைத்தால் பல முயல்கள் தின்றுவிடும். குளிப்பாட்ட வேண்டாம்.

சிறுநீர் பட்ட இடங்களில் வித்துகள் வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். துணிகளைக் கொதிக்கும் நீரில் போடுங்கள். பேசினையும் தட்டையும் முதலில் சிறுநீர் வாடை போகக் கழுவிவிட்டு, நீர்த்த பிளீச்சை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, அலசிக் காயவையுங்கள். கழுவாமல் சிறுநீரின் மேலேயே பிளீச்சை ஊற்றினால் மூச்சை அடைக்கிற வாயு கிளம்பும்.

வீட்டில் ஜோடி முயல் இருந்தால் பிரிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கூடவே வாழ்ந்தது ஏற்கெனவே தொற்றைச் சந்தித்திருக்கும், பிரிவு இரண்டையும் வாட்டும். அதற்கும் மருந்து வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். எங்கள் இன்னொரு முயல், பஞ்சு சாய்கிற பக்கமாகவே போய் உட்கார்ந்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. துண்டுச் சுருளை விட அது நன்றாக வேலை செய்தது.

மனிதர்களுக்கும் இந்த ஒட்டுண்ணி தொற்றக்கூடும். உடல்நலத்தோடு இருப்பவர்கள் கையைச் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள் முயலின் சிறுநீரைச் சுத்தம் செய்யும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடட்டும்.

எப்போது நம்பிக்கை, எப்போது இல்லை

முதல் சில நாட்களில் நிலைமை இன்னும் மோசமாகலாம். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். தானாகத் தின்கிறதா, உங்களைக் கண்டால் காதைத் திருப்புகிறதா என்று பாருங்கள். உருளல் குறைந்து, பிறகு விழாமல் உட்கார்ந்து, பிறகு சுவரோரமாக நடந்து, இப்படித்தான் முன்னேற்றம் வரும். உட்காரத் தொடங்கியதும் பேசினிலிருந்து எடுத்து, விரிப்புப் போட்ட தரையில் தினமும் கொஞ்ச நேரம் நடக்கவிடுங்கள். மூளை பழகுவதற்கு அந்த நடைதான் பயிற்சி.

பல வாரங்கள் முழுமையாகப் பார்த்தும் உருளல் நிற்கவில்லை, தானாக ஒரு வாய் தின்னவில்லை, உடம்பில் புண் வைக்கிறது, அல்லது சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்றால், வலியில்லாமல் அனுப்பிவைப்பதைப் பற்றி மருத்துவரோடு பேசுவதில் தவறில்லை. பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அந்தப் பேச்சை முதல் வாரத்திலேயே எடுக்காதீர்கள்.

குணமான பிறகும் கொஞ்சம் சாய்வு தங்கிவிடலாம். முயலுக்கு அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. களைத்துப்போன நாளிலும் வெக்கை அதிகமான நாளிலும் சாய்வு சற்றுக் கூடி, ஓய்வெடுத்ததும் குறையும். ஓய்வுக்குப் பிறகும் குறையாமல், விழியும் ஆடத் தொடங்கினால் நோய் திரும்பியிருக்கலாம், மறுபடி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பஞ்சுவுக்கு இடப்பக்கம் இன்னும் ஒரு சாய்வு இருக்கிறது. அவன் தட்டை இடப்பக்கச் சுவரை ஒட்டி வைக்கிறோம். கீரைக் கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டால் அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடி வந்துவிடுகிறான்.